உணவுக்குழாய் அறுவைக்குப் பிறகு இதய உறைக்குள் வெள்ளை நீர்: காத்திருப்பதா, நிணநாளத்தை அடைப்பதா?

நீலக்கரை (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு உணவுக்குழாயின் கீழ்ப்பாதியில் புற்றுநோய். கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து, உடல் தேறச் சில வாரங்கள் விட்டு, அறுவை நடந்தது. உணவுக்குழாயை எடுத்துவிட்டு இரைப்பையைக் குழாய்போல் அமைத்து மார்புக்குள் மேலே கொண்டுபோய் இணைத்தார்கள். நன்றாகத்தான் தேறி வந்தார். மார்பில் வைத்திருந்த டிரெயினில் (நீர் வடியும் குழாய்) வைக்கோல் நிறத்தில் நீர் வந்தது, குறைந்தது, குழாயை எடுத்தார்கள். சிறுகுடலில் போட்ட குழாய் வழியாக உணவு கொடுக்கக் கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் இருக்கும்போதுதான் மூச்சு வாங்கத் தொடங்கியது. படுத்தால் திணறல், எழுந்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறுதல். நாடி ஓடிக்கொண்டே இருந்தது. சிறுநீர் குறைந்தது. மீண்டும் அழைத்துப் போனபோது நிமோனியா என்று முதலில் நினைத்தார்கள், அடுத்து நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சி.டி. எடுத்தார்கள். கட்டி இல்லை. இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்தது. உடனே ஊசி போட்டு எடுத்தார்கள். வந்தது நீர்த்த பால்போல இருந்தது. அரை லிட்டருக்கும் மேல். எடுக்க எடுக்க அப்பாவின் முகத்தில் தெளிவு வந்ததை நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

இப்போது இதய உறைக்குள் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறது. இது குடலிலிருந்து வரும் கொழுப்புநீர், அதைச் சுமக்கும் நிணநாளம் கசிகிறது என்கிறார்கள். கொழுப்பில்லாத உணவு கொடுத்துப் பார்ப்போம், நிற்கவில்லை என்றால் நிணநாளத்தை அடைக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மூன்று கேள்விகள். குடலிலிருந்து வரும் கொழுப்புநீர் இதயத்துக்கு எப்படிப் போனது? புற்று திரும்பிவிட்டதா? காத்திருப்பது சரிதானா?

இரவுப்பணி

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். சகோதரி, பதில் சொல்பவர்களுக்கு உதவியாகச் சில விவரங்கள் கேட்டு எழுதுங்கள். எடுத்த நீரில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எவ்வளவு? புற்றணு பரிசோதனைக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பினார்களா? இப்போது குழாயில் நாளொன்றுக்கு எவ்வளவு வருகிறது? இன்னொன்று, அப்பாவுக்குக் கழுத்திலோ தோளருகிலோ பெரிய சிரையில் குழாய் இருந்ததா, அதன் வழியாகச் சத்துநீர் ஏற்றினார்களா?

கடைசிக் கேள்வியைக் காரணத்தோடுதான் கேட்கிறேன். சிரை வழியாக ஏற்றும் சத்துநீரிலும் கொழுப்புக் குழம்பு உண்டு, அதுவும் பார்க்க வெள்ளைதான். குழாயின் நுனி இதயச் சுவரை அரித்து வெளியே வந்துவிட்டால் அந்தச் சத்துநீரே இதய உறைக்குள் கொட்டும். டிரைகிளிசரைடும் உயர்ந்தே காட்டும். எடுத்த நீரில் சர்க்கரை மிக அதிகமாக இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். அப்படியென்றால் முதல் வேலை அந்தக் குழாயில் ஏற்றுவதை நிறுத்துவதுதான், நிணநாளத்தைத் தேடுவது அல்ல.

அறுவைமேசை

மார்பு அறுவை மருத்துவர். படங்களைப் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு இன்னது செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதை அங்குள்ள குழுதான் சொல்ல வேண்டும். ஆனால் எப்படி நடக்கிறது என்பதை விளக்கலாம்.

நாம் சாப்பிடும் கொழுப்பில் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. குடலின் நிணநீர்க் குழல்களில் ஏறி, வயிற்றின் பின்சுவரில் இடுப்பு முள்ளெலும்புகளின் மேல்மட்டத்தில் உள்ள ஒரு பையில் சேர்ந்து, அங்கிருந்து மார்பு நிணநாளம் வழியாக மேலே போகிறது. பெரியவர்களுக்கு இந்த நாளம் ஏறத்தாழ 40 செ.மீ. நீளம். உதரவிதானத்தைத் தாண்டியதும் முதுகெலும்பின் முன்னால், வலப்பக்கம், பெருந்தமனிக்கும் அசைகஸ் சிரைக்கும் நடுவே ஏறும். 5ஆம் மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் இடப்பக்கம் திரும்பி, இடது கழுத்தடியில் பெரிய சிரைகள் சேரும் இடத்தில் ரத்தத்தில் கலக்கும். நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் நீர் இதன் வழியாகப் போகிறது. சுவர் மிக மெல்லியது. பட்டினியில் இருக்கும் நோயாளியிடம் நாளம் சுருங்கி நிறமற்றுக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. அதனால் அறுவைக்கு முன் கொழுப்பு ஏதாவது குடிக்கக் கொடுத்து நாளத்தை வெள்ளையாகத் தெரிய வைக்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு.

இந்த நாளம் உணவுக்குழாயை ஒட்டியே போகிறது. எனவே உணவுக்குழாயையும் அதைச் சுற்றிய நிணமுடிச்சுகளையும் எடுக்கும்போது அதில் கீறல் விழ வாய்ப்பு உண்டு. விழுந்தால் பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய அறையில்தான் நீர் சேரும். இந்த அறுவைக்குப் பின் நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்கு அது வருவதாகப் பொதுவாகச் சொல்வோம். இதய உறைக்குள் சேருவது அதைவிட மிக மிக அரிது. என் பணிக்காலத்தில் நுரையீரல் பக்கம் பலரைப் பார்த்திருக்கிறேன், இதயப் பக்கம் விரல்விட்டு எண்ணலாம்.

இதயத்துக்கு எப்படிப் போகிறது என்றால், வழிகள் இரண்டு. மூச்சுக்குழல் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ள நிணமுடிச்சுகளை எடுக்கும்போது இதய உறை கையருகிலேயே இருக்கிறது. கட்டி அதோடு ஒட்டியிருந்தால் உறையில் ஒரு துண்டையே வெட்டி எடுப்போம். அங்கே திறப்பு இருந்தால் நடுமார்பில் கசிகிற நீர் உள்ளே போகும். இரண்டாவது வழி பின்னோக்கிய ஓட்டம். இதய உறையின் நிணநீரும் சிறு கிளைகள் வழியாக இந்தப் பெருநாளத்தோடு தொடர்பு கொண்டது. அந்தக் கிளைகளில் திரும்பிவராமல் தடுக்கும் வால்வுகள் உண்டு. அறுவையிலோ கதிர்வீச்சுத் தழும்பிலோ பெருநாளம் அடைபட்டு அழுத்தம் ஏறும்போது வால்வுகள் தோற்றால், போக வேண்டிய நீர் கிளைகளில் திரும்பி இதய உறைக்குள் ஊறும். கசிவைத் தடுக்க அறுவையின்போதே நாளத்தைக் கட்டிவிட்ட நோயாளிக்கும் இது வருவதற்குக் காரணம் அதுதான்.

நீலக்கரை

டாக்டர், உங்களுக்கும் இரவுப்பணி அக்காவுக்கும் நன்றி. கேட்டு எழுதுகிறேன். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டி இருக்கிறது. அணுக்களில் பெரும்பாலும் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு. புற்றணு இல்லை. கிருமி வளரவில்லை. கழுத்துக் குழாயை வீட்டுக்கு வரும் முன்பே எடுத்துவிட்டார்கள், எனவே சத்துநீர் கசிவு இல்லை. மார்பு டிரெயினில் வந்த நீர் ஏன் வெள்ளையாக இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அன்றே கசிவு இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டாமா?

இரவுப்பணி

இதை எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கசிகிற நீருக்கு வெள்ளை நிறம் கொடுப்பது உணவுக் கொழுப்பு. வாய்வழியும் குழாய்வழியும் எதுவும் கொடுக்காத நாட்களில் அதே நாளம் கசிந்தாலும் வருவது தெளிந்த மஞ்சள் நீர்தான். டிரெயின் பெட்டியைப் பார்க்கிறவர்கள் சாதாரண நீர் என்றே எழுதுவார்கள். சிறுகுடல் குழாயில் உணவு தொடங்கி ஓரிரு நாட்களில்தான் மங்கல் ஏறும். முதலில் சோறு வடித்த கஞ்சித் தெளிவுபோல, பிறகு பால்போல. உணவு முழு அளவுக்கு வருவதற்குள் டிரெயினை எடுத்துவிட்டால் அந்த நிறமாற்றத்தைப் பார்க்க ஆளில்லை. அதனால் நான் பார்ப்பது நிறத்தை மட்டும் அல்ல, அளவை. மஞ்சளாகவே இருந்தாலும் நாள்தோறும் நிறைய வந்துகொண்டிருந்தால் டிரைகிளிசரைடுக்கு அனுப்பலாமா என்று மருத்துவரிடம் கேட்பேன். டெசிலிட்டருக்கு 110 மி.கி.க்கு மேல் என்றால் அநேகமாக நிணக்கசிவு. 50க்குக் கீழ் என்றால் அநேகமாக இல்லை. நடுவில் நின்றால் கைலோமைக்ரான் (குடலிலிருந்து கொழுப்பைச் சுமக்கும் துகள்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் பட்டினியில் எடுத்த மாதிரியில் 50க்குக் கீழ் வந்தாலும் அதை நம்பி ஒதுங்கிவிடக் கூடாது.

லிம்ஃபோசைட் மிகுந்திருப்பதைப் பார்த்து வேறெதுவும் நினைக்க வேண்டாம், சகோதரி. நிணநாளத்தில் ஓடுவதே அந்த அணுக்கள்தான்.

நேர்வழி

இத்தனை விளக்கத்துக்கும் அடியில் இருப்பது ஒன்றுதானே? அறுவை செய்தவர் நாளத்தைக் கிழித்துவிட்டார். அதைச் சொல்லாமல் அரிய சிக்கல் என்று பெயர் வைக்கிறார்கள். என் தம்பிக்கும் வேறொரு அறுவையில் இப்படித்தான் நடந்தது, கடைசிவரை யாரும் நேராகச் சொல்லவில்லை. நீலக்கரை, அறுவைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அறுவைமேசை

நகலை வாங்குங்கள் என்பதை நானும் சொல்கிறேன். அது நோயாளியின் உரிமை மட்டுமல்ல, சிகிச்சைக்கே தேவை. நாளத்தைக் கட்டினார்களா, எந்த மட்டத்தில், இதய உறையைத் திறந்தார்களா, இரைப்பைக் குழாயை எந்த வழியாக மேலே கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து ஊசியோ கத்தியோ எடுக்கப் போகிறவருக்கு இவை இல்லாமல் வேலை ஓடாது.

மற்றதில் உங்களோடு உடன்பட முடியவில்லை, நேர்வழி. இந்த நாளத்தைச் சேர்த்தே எடுப்பது சில அறுவைகளில் திட்டத்தின் பகுதி, ஏனென்றால் அதைச் சுற்றியுள்ள முடிச்சுகளிலும் புற்று பரவுகிறது. மேலும் எல்லோருக்கும் இது ஒற்றைக் குழாயாக ஓடுவதில்லை. சிலருக்கு இரண்டாகப் பிரிந்து மீண்டும் சேரும், சிலருக்குப் பின்னலாகவே இருக்கும். ஒன்றைக் கட்டினால் இன்னொன்று கசியும். திறமையுள்ள கைகளிலும் இது நேர்கிறது. ஆனால் உங்கள் தம்பியிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பது தவறுதான், அதை எந்த உடற்கூறும் நியாயப்படுத்தாது. அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும்போதே நிணக்கசிவு என்ற பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று என் இளையவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

கூடல்வழி

நீலக்கரை, என் கணவருக்கு இதே அறுவைக்குப் பின் நிணக்கசிவு வந்தது. அவருக்கு நுரையீரல் பக்கம். கொழுப்பை நிறுத்திக் காத்திருந்தோம். ஒரு வாரம், இன்னொரு வாரம் என்று போயிற்று. நாளும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் வந்தது. வெள்ளை நீர்தானே போகிறது, ரத்தமா என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அதில் புரதம் போகிறது, எதிர்ப்பணுக்கள் போகின்றன, உப்புகள் போகின்றன. கன்னங்கள் ஒட்டின, கால் வீங்கியது, ரத்த ஆல்புமின் சரிந்தது. அப்புறம் நிமோனியா. கடைசியில் நாளத்தைக் கட்டிய பிறகு நின்றது. ஆனால் இழந்த உடம்பைத் திரும்பப் பெற மாதங்கள் ஆயின. காத்திருக்கச் சொன்னால் எதுவரை என்று கேளுங்கள். அந்த எல்லையைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

மலைச்சாரல்

எதிர்ப்பக்கம் இருந்து ஒரு வார்த்தை. எனக்கே அறுவை நடந்தது, எனக்கே கசிந்தது. நாளுக்கு ஒரு கோப்பை அளவுதான். கொழுப்பை மாற்றியதும் படிப்படியாகக் குறைந்து நின்றுவிட்டது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி மார்பைத் திறப்பது எதுவும் தேவைப்படவில்லை. பயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

அறுவைமேசை

நீங்கள் இருவர் சொல்வதும் உண்மை, வேறுபாடு அளவில் இருக்கிறது. உணவுக்குழாய் அறுவையின் சிக்கல்களுக்குப் பொது வரையறை வகுத்த பன்னாட்டுக் குழு 2015இல் வெளியிட்ட பட்டியலில் நிணக்கசிவை இப்படித்தான் பிரிக்கிறது. உணவு மாற்றத்தில் அடங்குவது, சிரைவழிச் சத்து தேவைப்படுவது, அடைப்போ அறுவையோ தேவைப்படுவது என்று வகை மூன்று. நாளுக்கு ஒரு லிட்டர் என்பது தீவிரத்தைப் பிரிக்கும் கோடு. மலைச்சாரல் கோட்டுக்குக் கீழே, கூடல்வழியின் கணவர் கோட்டுக்கு மேலே. கூடல்வழி கேட்கச் சொல்வது மிகச் சரியான கேள்வி, அம்மா. எல்லை குறிக்காத காத்திருப்பு சிகிச்சை ஆகாது.

ஆனால் இதய உறைக்கு இந்த லிட்டர் கணக்கை அப்படியே எடுத்துவரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நுரையீரல் அறையில் இடம் உண்டு. இதய உறையில் இயல்பாக இருப்பதே 15 முதல் 50 மி.லி. நீர். உறை எளிதில் விரியாது. 150, 200 மி.லி. விரைவாகச் சேர்ந்தாலே இதயத்தின் வலப்பக்க அறைகள் நிரம்ப முடியாமல் அமுங்கிவிடும். மெதுவாகச் சேர்ந்தால் உறை இழுபட்டு ஒரு லிட்டர்கூடத் தாங்கும். நீலக்கரையின் அப்பாவுக்கு அரை லிட்டருக்கு மேல் இருந்தும் அவர் உட்கார்ந்து பேசினார் என்றால் அது மெதுவாக ஊறியிருக்கிறது. எனவே இங்கே கேட்க வேண்டியது எவ்வளவு வருகிறது என்பது மட்டும் அல்ல. வருகிற நீர் முழுவதும் வெளியேறுகிறதா, குழாய் அடைபட்டால் எவ்வளவு நேரத்தில் தெரியவரும் என்பதே முக்கியம். நுரையீரல் அறையில் 200 மி.லி. சேர்ந்தால் நாளைக் காலை பார்க்கலாம். இதய உறையில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

இரவுப்பணி

டாக்டர் சொன்னதோடு படுக்கையருகில் நாங்கள் பார்ப்பதைச் சேர்க்கிறேன். 1935இல் கிளாட் பெக் விவரித்த மூன்று அடையாளங்களைப் படித்திருப்போம்: ரத்த அழுத்தம் சரிவது, கழுத்துச் சிரை புடைப்பது, இதய ஒலி மங்குவது. மூன்றும் சேர்ந்து வரும் வரை காத்திருந்தால் பிந்திவிடும். அதற்கு முன்னால் வருவது ஓடும் நாடி, குறையும் சிறுநீர், குளிர்ந்த கை, படுக்க மறுக்கும் நோயாளி. மூச்சை உள்ளிழுக்கும்போது மேல் ரத்த அழுத்தம் 10க்கு மேல் இறங்குவது. தமனியில் குழாய் இருந்தால் திரையில் அந்த அலை ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

இந்த அறுவைக்குப் பின் இதயத்துடிப்பு தாறுமாறாவது பரவலாக வருவதால் துடிப்புக்கு மருந்து கொடுத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடும் ஆபத்து இருக்கிறது. நிமோனியா, இணைப்பில் கசிவு, நுரையீரல் ரத்தக்கட்டி ஆகிய மூன்றும் பட்டியலில் முதலில் நிற்பதால் இதய உறை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. மூச்சுத்திணறல் மார்புப் படத்தோடு பொருந்தவில்லை என்றால் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். சில நிமிட வேலை, படுக்கையருகிலேயே முடியும்.

ஊடுகதிர்

கதிரியக்கப் பிரிவில் ஊசிவழிச் சிகிச்சை செய்கிறேன். எக்கோ பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த அறுவைக்குப் பிறகு மார்பின் மேல் மருந்துக்கட்டும் உள்ளே காற்றும் இருப்பதால் படம் தெளிவாகக் கிடைப்பதில்லை. நீர் இதயத்தின் பின்பக்கம் மட்டும் பைகட்டி நின்றால் முன்னாலிருந்து பார்க்கும் எக்கோவில் தப்பிவிடும். மேலே இழுத்த இரைப்பையும் அங்கேயே இருக்கிறது, அதையே நீர் என்று நினைக்கவும் கூடும். தொண்டைவழி எக்கோவுக்குப் புது இணைப்பைத் தாண்ட வேண்டியிருப்பதால் பெரும்பாலும் தவிர்ப்போம். சந்தேகம் தீரவில்லை என்றால் சி.டி.தான் வழி. ஊசி போடும் முன் இரைப்பைக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பது கட்டாயம். மார்பெலும்புக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தால் வழக்கமான இடத்தில் ஊசி இறக்கினால் குத்துப்படுவது அந்த இரைப்பைதான்.

இனி நீலக்கரை கேட்ட அடைப்பு. இடுப்பு மடிப்பில் உள்ள ஒரு நிணமுடிச்சை அல்ட்ராசவுண்டில் பார்த்து அதன் நடுவில் மெல்லிய ஊசியை நிறுத்துவோம். லிப்பியோடால் என்ற அயோடின் கலந்த எண்ணெயை மிக மெதுவாகச் செலுத்துவோம். வேகமாகத் தள்ளினால் முடிச்சு கிழிந்து எண்ணெய் வெளியே பரவிவிடும். திரையில் எண்ணெய் சிறு மணிகளாகக் கோத்து இடுப்பு எலும்பைத் தாண்டி, முதுகெலும்பின் பக்கவாட்டில், வால்வுக்கு வால்வு நின்று நின்று ஏறும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற வேலை அல்ல. மார்பில் கசிவு இருக்கும் இடத்தில் மணிகள் வரிசை கலைந்து திட்டாகச் சிதறும். உங்கள் அப்பாவுக்கு இதய உறையின் விளிம்பில் அந்தத் திட்டு தெரியலாம், அல்லது பெருநாளம் அடைபட்டுக் கிளைகள் வழியாகத் திரும்புவது தெரியலாம். இந்த வேறுபாடு மிக முக்கியம். சிலருக்கு இந்த எண்ணெயே கசிவின் வாயைச் சுற்றி வீக்கம் உண்டாக்கி மூடிவிடும், அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

தேவைப்பட்டால் வயிற்றின் முன்பக்கத்திலிருந்து நீண்ட மெல்லிய ஊசியால், நாளம் தொடங்கும் அந்த நிணப்பையைக் குத்தி, உள்ளே கம்பி விட்டு, அதன்மேல் நுண்குழாயை நாளத்துக்குள் ஏற்றி, உலோகச் சுருள்களும் பசையும் வைத்து அடைப்போம். இந்த வழியைத் திறந்தவர் கான்ஸ்டன்டின் கோப். 1998இல் அவர் முதல் முடிவுகளை வெளியிட்டார். அதற்கு 50 ஆண்டுகளுக்கு முன், 1948இல் லாம்ப்சன் மார்பைத் திறந்து நாளத்தைக் கட்டிக் காட்டியிருந்தார். இன்றும் ஊசிவழி முடியாதபோது செய்வது அதைத்தான்.

அறுவைமேசை

ஊடுகதிர் சொன்ன அந்த வேறுபாட்டை அடிக்கோடிட விரும்புகிறேன். நாளம் கசிகிறது என்றால் கசிவுக்குக் கீழே அடைப்பதில் நன்மை. நாளம் மேலே அடைபட்டதால்தான் நீர் திரும்புகிறது என்றால், எங்கே அடைக்கிறோம் என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். கிளைகள் பிரியும் இடத்துக்குக் கீழே அடைத்தால்தான் பயன். மார்பைத் திறக்க நேர்ந்தால் உதரவிதானத்துக்குச் சற்று மேலே பெருந்தமனிக்கும் அசைகஸுக்கும் நடுவிலுள்ள திசு முழுவதையும் சேர்த்துக் கட்டுவோம், கூடவே இதய உறையில் ஒரு சன்னலும் வெட்டுவோம். நீர் கொஞ்சம் மீந்தாலும் இதயத்தை அழுத்தாமல் நுரையீரல் அறைக்கு வடிந்து அங்கே உறிஞ்சப்படும். இரண்டாம் அறுவையில் எனக்கு இருக்கும் பெரிய கவலை இரைப்பைக் குழாயின் ரத்த ஓட்டம். ஒரே ஒரு தமனியை நம்பி அது உயிர்வாழ்கிறது. அதில் கைபடாமல் உள்ளே போய் வர வேண்டும்.

அளவுக்கரண்டி

உணவியல் ஆலோசகர். கொழுப்பில்லாத உணவு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், வீட்டில் அது என்னவாகிறது என்று பார்க்க யாரும் வருவதில்லை. நீலக்கரை, அப்பாவுக்கு இப்போது குழாயில் போகும் உணவுப் பொடியின் பெயரை உணவியலாளரிடம் காட்டி, அதிலுள்ள கொழுப்பு எந்த வகை என்று கேளுங்கள். நீண்ட சங்கிலிக் கொழுப்புதான் நிணநாளத்தில் ஏறும். நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும் சிரையில் கலந்துவிடும். அதனால்தான் தனி வகைப் பொடி.

தேங்காய் எண்ணெயும் நடுத்தரச் சங்கிலிதானே என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அல்ல. அதில் பாதியளவு லாரிக் அமிலம், அதில் பெரும்பங்கு நிணநாளம் வழியாகவே போகிறது. நீண்ட சங்கிலிக் கொழுப்பும் கலந்திருக்கிறது. மருந்தாகத் தயாரிக்கும் நடுத்தரச் சங்கிலி எண்ணெய் வேறு பொருள். ஒரு தேக்கரண்டிதானே என்று வீட்டில் சேர்த்துவிட்டு டிரெயின் மறுபடி வெளுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த உணவு சில வாரங்களுக்கு மேல் நீண்டால் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். சிரைவழி ஏற்றும் கொழுப்புக் குழம்பு நிணநாளத்தைத் தொடாது, நேரே ரத்தத்தில் கலக்கிறது. எனவே அதைக் கொடுக்கலாம். பயந்துகொண்டு அதையும் நிறுத்தச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஆக்ட்ரியோடைடு ஊசி போட்டால் குடலின் சுரப்பு குறைந்து கசிவும் குறையலாம், சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். அது துணைதான், முழுச் சிகிச்சை அல்ல.

நெறியாளர்

மூலிகைக் கஷாயம் பற்றி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அண்மையில் உணவுக்குழாய் இணைப்பு போட்டவருக்கு வாய்வழி எதையும் பரிந்துரைப்பது இங்கே அனுமதி இல்லை.

நீலக்கரை

உங்கள் எல்லோருடைய பதிவுகளையும் அச்செடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்த்தேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பேசினார். அறுவைக் குறிப்பின் நகலும் தந்தார். நாளத்தைக் கட்டவில்லை. இதய உறையோடு கட்டி ஒட்டியிருந்ததால் அங்கே சிறு துண்டு எடுத்திருக்கிறார்கள்.

கொழுப்பை மாற்றியும் இதயக் குழாயில் நாளுக்கு 300 மி.லி.க்குக் குறையாமல் வந்ததால் எண்ணெய்ப் படம் எடுக்க முடிவு செய்தார்கள். ஊடுகதிர் ஐயா எழுதியதுபோலவே மணிமணியாக ஏறியதைப் படத்தில் காட்டினார்கள். நாளத்தின் ஒரு கிளையிலிருந்து இதய உறையின் பின்விளிம்புக்குக் கசிவு. நிணப்பையைக் குத்துவதில் முதலில் சிரமப்பட்டார்களாம், பிறகு கிடைத்ததும் சுருளும் பசையும் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது குழாயில் வருவது மிகக் கொஞ்சம், நிறம் தெளிந்துவிட்டது. அப்பா நேற்று இரவு படுத்துத் தூங்கினார்.

குழாயை எடுத்துவிடலாம் என்கிறார்கள். மார்பு டிரெயினை எடுத்தபோதும் நீர் தெளிவாகத்தான் இருந்தது என்பதால் எனக்குப் பயம் போகவில்லை. எடுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

கூடல்வழி

படித்ததும் மனம் நிறைந்தது, அம்மா. உங்கள் பயம் நியாயமான பயம். கேட்காமல் விடாதீர்கள்.

அறுவைமேசை

கொழுப்பு கொடுத்துப் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். குழாய் உள்ளே இருக்கும்போதே சாதாரணக் கொழுப்புள்ள உணவை ஒரு நாளாவது கொடுத்து, வருகிற நீர் வெளுக்கிறதா, அளவு கூடுகிறதா என்று பார்த்து, டிரைகிளிசரைடையும் மறுபடி சோதித்துவிட்டு எடுப்பதே பாதுகாப்பு. நாளுக்கு 25 முதல் 50 மி.லி.க்குள் அடங்கி, எக்கோவில் நீர் சேரவில்லை என்றால் எடுக்கலாம். குழாய் அடைபட்டதால் நின்றுவிட்டதா, உண்மையிலேயே நின்றதா என்பதை எக்கோதான் சொல்லும்.

எடுத்த மறுநாள் ஒரு எக்கோ, வீட்டுக்குப் போகும் முன் ஒன்று, வீட்டுக்குப் போன ஓரிரு வாரத்தில் ஒன்று கேட்டு வாங்குங்கள். பல மாதங்கள் கழித்துக் காலும் வயிறும் வீங்கினால் கல்லீரல், சத்துக்குறைவு என்று மட்டும் பார்க்காமல் இதய உறை தடித்து இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நிணநீர் தேங்கிய உறைக்கும் கதிர்வீச்சு பட்ட உறைக்கும் அந்த வாய்ப்பு உண்டு, உங்கள் அப்பாவுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. நீர் மறுபடி சேர்ந்தால், அது எத்தனை மாதம் கழித்து என்றாலும், புற்றணு பரிசோதனைக்கும் மறுபடி அனுப்ப வேண்டும். இப்போது இல்லை என்ற முடிவை அப்போதைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீலக்கரை

எழுதிக்கொண்டேன், டாக்டர். நாளைக் காலைச் சுற்றில் கேட்கிறேன். கொழுப்பு உணவின் முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.